சின்னராசாவின் இரண்டு பெட்டிகள்

ஹட்டன் பக்கம் கல்யாண வீட்டில் பழைய ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் போதும், "கணேசமூர்த்தி செட்டு மாதிரி இனிமே வராதுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கணேசமூர்த்திக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடத் தெரியும், லொறி பிடிக்கத் தெரியும், மாலை போட்டால் கழுத்தை நீட்டத் தெரியும். பாட்டைப் பற்றி அந்த மனிதருக்கு ஒரு மண்ணும் தெரியாது. அந்தக் குழுவில் வருடக்கணக்காகத் தொண்டை கிழியப் பாடியவள் நான். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்திவிட்டு, சனி ஞாயிறில் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடிய டோரீன் டீச்சர் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: இவர்கள் புகழ்கிற சத்தம் சின்னராசாவின் சத்தம். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டால் ஆளுக்கொரு ஊரைச் சொல்வார்கள்.

சின்னராசா டயகமக்காரன். என்னைவிட இளையவன், அதனால்தான் அவன் இவன் என்கிறேன். அவன் அப்பா மூக்கன் தோட்டத்துத் தப்புக்காரர், தப்பு மேளம் அடிக்கிறவர். விடியற்காலையில் வேலைப் பெரட்டுக்கு ஆள் எழுப்புவதும் அவர் தப்புதான், கோயிலுக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். மகன் அதைத் தோளில் மாட்ட மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றான். தொழிற்சாலையில் மோட்டார் பார்க்கிற ஆளுக்குக் கையாளாகக் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஹட்டனில் கணேசமூர்த்தியின் ரேடியோ கடைக்கு வேலைக்கு வந்து சேர்ந்தான். ஆளைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். பெரிய காலர் சட்டை, காதை மூடிய முடி, கால்சட்டையின் அடிப்பக்கம் ஹட்டன் ரோட்டைக் கூட்டிக்கொண்டு போகும். வாய்க்கொழுப்பும் உண்டு. யார் பாடினாலும், யார் வாசித்தாலும், "ம்" என்பான். அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்க முடியாது. என் பாட்டுக்கும் அந்த "ம்" மட்டும்தான்.

எழுபத்தைந்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டினார்கள். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு பங்களாவில் சாமான்களை ஏலம் போட்டார்கள். கணேசமூர்த்தி போய் கிராமபோன், மின்விசிறி, இன்னும் என்னென்னவோ அள்ளிக்கொண்டு வந்தார். அதோடு ஒரு பெட்டியும் வந்தது. முன்னால் பியானோ மாதிரிக் கட்டைகள், மேலே முழுக்கத் திருகுகள். துரையின் மகன் லண்டனிலிருந்து கொண்டுவந்து, பழுதாக்கி, விட்டுவிட்டுப் போனது. உள்ளே இருக்கிற சாமானைக் கழற்றி ரேடியோவுக்குப் போடலாம் என்று மூலையில் கிடத்தினார் கணேசமூர்த்தி. சின்னராசா அதைக் கழற்றவில்லை. கடை வேலை முடிந்ததும் அதன் முன்னால் குந்திக்கொண்டு நோண்டினான். ஒரு மாரிகாலம் முழுக்க நோண்டினான். ஒருநாள் அது "ஙொய்ங்" என்று கத்தியது. பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார்.

சின்தசைசர் என்று அதற்குப் பெயர் இருப்பதே எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. இப்போது அந்த வகையை அனலாக் என்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது வெறும் பெட்டி. அதில் ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் பேசும். இரண்டை அமுக்கினால் ஒன்று வாயை மூடிக்கொள்ளும். புல்லாங்குழல் வேண்டுமா, நாதஸ்வரம் வேண்டுமா, காற்று வேண்டுமா, எல்லாவற்றையும் திருகித் திருகித்தான் பிறப்பிக்க வேண்டும். பிறந்த சத்தத்தை எங்கேயும் எடுத்து வைக்க முடியாது. ஒரு திருகில் கை பட்டால் போயிற்று. மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். மற்ற வாத்தியக்காரர் பாட்டைப் பழகினார்கள், இவன் ஒவ்வொரு பாட்டுக்கும் திருகு நிற்கிற இடத்தைப் பழகினான். அந்த இடத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பெட்டியின் மேல்பக்கத்தை ஒரு துவாயால் மூடி, துவாய்க்குள் கையை விட்டுத்தான் திருகுவான். வாழ்நாளில் நான் பார்த்த மகா கஞ்சன் அவன்தான், ஆனால் காசில் இல்லை, அந்தத் துவாயில்.

அந்தப் பெட்டிக்கு எங்கள் ஊர்க் குளிர் ஆகாது. நானுஓயாவில் பெண்பிள்ளை பெரியவளான ஒரு சாமத்திய வீட்டில் முதல் பாட்டுக்கே அது என்னைவிட அரைச் சுருதி மேலே போய் நின்றது. என் மானம் போயிற்று. அதற்குப் பிறகு, கச்சேரிக்கு முன்னால் தோட்டத்துக் கம்பளியைப் போர்த்தி, உள்ளே ஒரு பல்பை எரிய விட்டு, பெட்டியைச் சூடு காட்டி எடுப்பான். அவன் பெண்டாட்டி நாகலெட்சுமி, "எங்களுக்குப் போத்திக்கக் கம்பளி இல்ல, பெட்டிக்குக் கம்பளி" என்று சிரித்துக்கொண்டே திட்டுவாள். அவள் சிரித்ததை அப்போதுதான் நான் பார்த்திருக்கிறேன்.

குளிரைவிடப் பெரிய தொல்லை கரண்ட். எங்கள் மலைத் தண்ணீரை அடைத்துப் பொல்பிட்டியவில் கரண்ட் எடுத்தார்கள், அது எங்கள் தலைக்கு மேலே கம்பியில் ஏறிக் கொழும்புக்குப் போனது. நாங்கள் குடியிருக்கிற லயத்தில் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு. அதனால் தோட்டத்தில் கச்சேரி வைத்தால் தொழிற்சாலையிலிருந்துதான் வயர் இழுக்க வேண்டும். கொழுந்து அரைக்கிற ரோதைகள் ஓட ஆரம்பித்தால் கரண்ட் படுத்துவிடும். பல்பு மஞ்சளாகும், பெட்டியின் சுருதி சறுக்கும். நான் மேலே நின்று பாட, வாத்தியம் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அதற்காகத் தோட்டத்தில் லொறி நின்றதும் சின்னராசா முதலில் தேடிப்போவது தொழிற்சாலையை ஓட்டுகிற டீமேக்கரைத்தான். வெற்றிலையோ போத்தலோ ஆளைப் பார்த்துக் கொடுத்து, "ஐயா, கச்சேரி முடியிற வரைக்கும் ரோதையப் போட்றாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிடுவான். அந்த ஆணவக்காரன் கும்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். சில டீமேக்கர்மார் தலையாட்டிவிட்டுப் பாதியில் ரோதையைப் போட்டுவிடுவார்கள். அப்போது சின்னராசா ஒரு கையால் வாசித்துக்கொண்டே, துவாய்க்குள் மறு கையை விட்டு, இறங்குகிற சுருதியைத் தூக்கிப் பிடிப்பான். அந்த வேலையைச் செய்ய அவனை விட்டால் மலையகத்தில் ஆள் கிடையாது. கணேசமூர்த்திக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவன் வாய்க்கொழுப்பைப் பொறுத்துக்கொண்டார்.

தப்புச் சத்தத்தை அவன் அந்தப் பெட்டியில் எப்போது பிடித்தான் என்று எனக்குத் தெரியாது. ஒத்திகையில் ஒருநாள் திடீரென்று அடித்துக் காட்டினான். நெருப்பில் காய்ச்சின தோல், அதில் குச்சி விழுகிற சத்தம், அப்படியே. மூக்கனின் அடி. தோளில் மாட்ட மாட்டேன் என்றவன் விரலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கணேசமூர்த்தியின் முகம் சுருங்கிப் போனது.

"டேய், இது சாவு மோளம்டா. கலியாண வீட்டுல இதையா வாசிப்ப? எவன் கூப்புடுவான் நம்மள?"

"கோயிலுக்கும் இதான் மொதலாளி. சாமி ஆடுனா இதுக்குத்தானே ஆடுது?"

"ஒன்னோட சாதிப் புத்திய இங்க காட்டாத."

நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். சின்னராசா திருகுகளைக் கலைத்துவிட்டு எழுந்து போனான். அந்தக் கடையில் அவனுக்கு மட்டும் தேத்தண்ணி தனிக் கோப்பையில் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெரிய இசைக்குழு, பெரிய மனிதர்! ஆனால் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு திருவிழாவில் பாட்டுக்குப் பாட்டு சனம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது, இவன் யாரையும் கேட்காமல் அந்தச் சத்தத்தை எடுத்தான். கொழுந்துக்காரப் பெண்கள் முதலில் எழுந்தார்கள். பிறகு முழுத் தோட்டமும் எழுந்தது. ஒரே பாட்டை மூன்று தடவை பாட வைத்தார்கள். அடுத்த மாதம் கணேசமூர்த்தி அடித்த நோட்டீசில், "புதுமையான தப்பு இசையுடன்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சின்னராசாவின் பெயர் அதில் இல்லை. தனிக் கோப்பையும் மாறவில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு, இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்திருந்த சனம் பயந்துபோய்க் கிளம்பிக்கொண்டிருந்தது. மூக்கனுக்கும், நாகலெட்சுமிக்கும், சின்னராசாவுக்கும் பாஸ்போட் வந்திருந்தது. கப்பலுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் கணேசமூர்த்தி சிங்கப்பூரிலிருந்து புதுப்பெட்டி எடுப்பித்தார். சின்னராசாவைக் கடைக்குள் கூப்பிட்டு, என் முன்னால் வைத்துத்தான் சொன்னார்.

"இது டிஜிட்டலாம். ஜப்பான்காரன் செஞ்சது. இத வாசிக்க நீ இல்லாம வேற யாருடா இருக்கா? அங்க போயி கல்லு ஒடைக்கப் போறியா? இரு. எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

முதல் தடவையாக அவனை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். அந்த ஸ்டூலுக்கு அவன் விழுந்துவிட்டான். நாகலெட்சுமி என் வீட்டுக்கு வந்து அழுதாள். "டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க. பெட்டிக்காக ஒரு மனுசன் பொண்டாட்டிய விட்டுட்டு நிப்பானா?" நான் சொல்லாமல் இல்லை. தலையில் குட்டாத குறையாகச் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் மொத போங்க, நான் புதுப்பெட்டியப் பழகிட்டு, ஒரு சீசன் வாசிச்சிட்டு அடுத்த கப்பல்ல வாறேன்" என்று அவளைச் சமாதானப்படுத்தினான். ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி கிளம்பும்போது எழுந்த ஒப்பாரியில் யார் யாருக்காக அழுதார்கள் என்றே தெரியவில்லை. மூக்கன் மட்டும் அழாமல் மகனையே பார்த்துக்கொண்டு போனார்.

புதுப்பெட்டியில் திருகே இல்லை. வழவழவென்று பொத்தான்கள், ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னலில் ஆங்கில எழுத்து. எத்தனை கட்டையை அமுக்கினாலும் எல்லாம் பேசும். கம்பளியும் வேண்டாம், பல்பும் வேண்டாம், எடுத்து வைத்த மாத்திரத்தில் சுருதி சுத்தம். சும்மா சொல்லக் கூடாது, பியானோ, மணி, வயலின் எல்லாம் அவ்வளவு பளிச்சென்று இருந்தன. சின்னராசாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இது யாரு தொட்டாலும் ஒரே மாதிரிப் பேசுது டீச்சர். பழசு என் கையத் தெரிஞ்சி வச்சிருந்துச்சு" என்றான். பழைய பெட்டியில் சத்தத்தைக் கையால் தொட்டுத் தேடலாம். இதில் ஒவ்வொரு குணத்தையும் எண்ணாகக் கூட்டிக் குறைத்துத்தான் போக வேண்டும். கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசித்துச் சொல்வேன். அவன் பொத்தானை அமுக்குவான், கேட்பான், காறித் துப்புவான், மறுபடி அமுக்குவான். மாதக்கணக்கில் இதே கூத்து. கடைசியில் தப்பு வந்தது. மூக்கனின் அடி, பழைய பெட்டியில் வந்ததைவிட நெருக்கமாக வந்தது.

புத்தகத்தில் அடுத்த பக்கத்தை வாசித்தேன். பிடித்த சத்தத்தைப் பெட்டிக்குள்ளேயே சேமித்து வைக்கலாம், பிறகு இலக்கத்தை அமுக்கினால் போதும், அப்படியே வரும் என்று இருந்தது. சின்னராசா என்னை மறுபடி வாசிக்கச் சொன்னான். மூன்றாவது தடவையும் வாசிக்கச் சொன்னான். பிறகு அவன் முகத்தில் ஒரு சந்தோசம், எனக்கே பாவமாக இருந்தது. தப்பு, நாதஸ்வரம், உறுமி, குழல் என்று ஒவ்வொன்றாக உள்ளே வைத்தான். துவாய் போட்டு மூடி வைத்த அத்தனையும் அதற்குள் போயிற்று. யோசித்துச் செய்யப்பா, பெட்டி உன்னுடையது இல்லையே என்று கேட்டேன்.

"போங்க டீச்சர். கை பட்டா போச்சு, கை பட்டா போச்சுன்னு இத்தன வருசமாப் பயந்து செத்தேன். இனிமே நான் செத்தாலும் எஞ்சத்தம் நிக்கும்."

அவ்வளவு கெட்டிக்காரனுக்கு அந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அவன் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

எண்பத்து நான்கு முடிவதற்குள் வடக்கில் சண்டை முற்றி தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. இனி ஓடுமா ஓடாதா என்று அரசாங்கக் கச்சேரியில் கிராம விதானைமார் சொன்னதெல்லாம் ஊகம்தான். அடுத்த கப்பல் என்று சொன்னவன் இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டான். அதே சமயம் கணேசமூர்த்தியின் அக்கா மகன் முத்துலிங்கம் கண்டியில் பியானோ பழகிவிட்டு ஊருக்கு வந்தான். நல்ல பையன், மரியாதையான பையன், அதுதான் வயிற்றெரிச்சல். ஒத்திகையில் புதுப்பெட்டியில் உட்கார்ந்தான், இலக்கத்தை அமுக்கினான். சின்னராசா மாதக்கணக்கில் தேடியது எல்லாம் வரிசையாக வந்தது. "அண்ணே, என்னமா செஞ்சி வச்சிருக்கீங்க!" என்று மனதார வியந்தான். கணேசமூர்த்தி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "சின்னராசா, நீ இனி ஸ்பீக்கர் தூக்குற வேலையப் பாரு" என்றார்.

அவன் தூக்கவில்லை. பழைய பெட்டியையாவது கொடுங்கள் என்று கேட்டான். "அது கட சாமான்டா" என்றார். மூலையில் அது கிடந்தது, மேலே பழைய பற்றரிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். நானும் சண்டை போட்டேன். பாட வேண்டியவள் பாடினால் போதும் என்று சொல்லிவிட்டார். சின்னராசா டயகமவுக்கே திரும்பினான். அவர்கள் இருந்த லயத்து அறையில் வேறு குடும்பம் குடிவந்திருந்தது. ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் படுத்துக்கொண்டு, தொழிற்சாலையில் ரோதை பார்க்கிற வேலையில் தற்காலிகமாகச் சேர்ந்தான்.

மறு வருடம் டயகமத் தோட்டத்துத் திருவிழாவுக்கு எங்கள் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கம் போலத் தொழிற்சாலையிலிருந்து வயர். டீமேக்கரைப் போய்ப் பார்க்கும் வேலையை இப்போது யாரும் செய்வதில்லை. ஆனாலும் திருவிழா நாள் என்பதால், கச்சேரி முடிந்த பிறகுதான் கொழுந்து அரைப்பது என்று அவர்களே வைத்திருந்தார்கள். பொழுது சாய்கிற நேரம், மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் இரண்டாவது பாட்டின் நடுவில் நின்றேன். திடீரென்று பல்புகள் எல்லாம் மஞ்சளாகி, சிவப்பாகி, செத்துக்கொண்டிருந்தன. கீழே தொழிற்சாலையில் ரோதை ஓடுகிற இரைச்சல். ஒன்றல்ல, எல்லா ரோதையும் ஒன்றாக.

மைக்கில் என் குரல் மெலிந்துவிட்டது. பழக்க தோசம், பெட்டி சறுக்கப் போகிறது என்று என் தொண்டை தானாகவே கீழே இறங்கிவிட்டது. முத்துலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். பெட்டி நின்ற இடத்தில் நின்றது. ஒரு இம்மியும் இறங்கவில்லை. சுருதி தப்பியது நான்தான், அவசரமாக மேலே ஏறி அதோடு சேர்ந்துகொண்டேன். அப்போது முத்துலிங்கம் இலக்கத்தை அமுக்கினான். மங்கின வெளிச்சத்தில் தப்பு கிளம்பியது. முன்வரிசையில் ஒரு கிழவி, "அடியே, நம்ம மூக்கன் அடிடீ!" என்று கத்தினாள். இருட்டில் தோட்டமே ஆடியது. கொஞ்ச நேரத்தில் யாரோ ஓடிப்போய் ரோதையை நிறுத்தினார்கள். வெளிச்சம் வந்தபோது சனம் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் இறங்கினேன். சின்னராசா நின்றுகொண்டிருந்தான். கையெல்லாம் கொழுந்துச் சாறு கறுப்பாகப் பிடித்திருந்தது. அந்த நீள முடியை வெட்டியிருந்தான்.

"டீச்சர், சுருதி எறங்கலயா?"

"இல்லப்பா."

"எல்லா ரோதையையும் ஒண்ணாத்தான் போட்டேன் டீச்சர்."

"தெரியும். ஏன்டா இப்புடிச் செஞ்ச? வேல போயிருமேடா!"

"சுருதி எறங்குனா மொதலாளி கூப்புட்டு விடுவாருன்னு பாத்தேன். கையில வேல செய்யிற ஆளு வேணும்தானே அப்ப."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அதற்குள் தொழிற்சாலைக் காவல்காரர் டோர்ச் லைட்டோடு வந்து, "டீமேக்கர் மாத்தயா ஒன்னய வரச் சொல்றாரு" என்றார். சின்னராசா அவரைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினான். அவன் என் வாயிலிருந்து ஒரு அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தப்பு எப்புடி இருந்துச்சு டீச்சர்?"

பொய் சொல்லலாம்தான். ஆனால் அவனுக்குக் காது இருக்கிறதே, அவனும் கேட்டுக்கொண்டுதானே வந்திருப்பான்.

"நல்லா இருந்துச்சுப்பா. ஒங்கப்பா வந்து அடிச்ச மாதிரியே இருந்துச்சு."

"ம்" என்றான். கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தான். "அப்ப நான் வேணாந்தான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, காவல்காரருக்குப் பின்னால் தொழிற்சாலையை நோக்கிப் போனான்.